புது லினக்ஸில் பழைய லேப்டாப் கிராஃபிக்ஸ்: ஜிஃபோர்ஸ் 310எம், ரேடியான் 6470எம், ஜிஎம்ஏ 3600

படிப்புமையம் (தங்கச்சிமடம்)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளின் மாலைப் படிப்பு மையத்துக்கு நன்கொடையாக வந்த லேப்டாப்களில் மூன்று ரகம் இருக்கிறது. மூன்றிலும் கிராஃபிக்ஸ்தான் தொல்லை.

முதல் ரகத்தில் ஜிஃபோர்ஸ் 310எம். உபுண்டு 20.04-இல் என்விடியா 340 டிரைவரோடு ஒழுங்காக ஓடியது. இப்போது லினக்ஸ் மின்ட் 22. நிறுவும்போது திரை கறுத்ததால் நோமோட்செட் (கிராஃபிக்ஸ் டிரைவரை எழுப்பாத பூட் தெரிவு) கொடுத்து நிறுவியது. அது இன்னும் குரப்பில் (பூட் மெனு நிரல்) இருக்கிறது. டிரைவர் மேனேஜரில் எதுவும் காட்டவில்லை. 340.108 கோப்பை இறக்கி ஓட்டினால் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) மாட்யூல் கட்டும் இடத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. திரை 1024×768-ஐத் தாண்டவில்லை, வீடியோ தத்தித் தத்தி ஓடுகிறது.

இரண்டாவது ரகத்தில் இன்டெல் எச்டி 3000, கூடவே ரேடியான் எச்டி 6470எம். ரேடியான் மாட்யூல் பிளாக்லிஸ்டில் (ஏற்றக்கூடாத டிரைவர்களின் பட்டியல்) இருக்கிறது. ஆனாலும் விசிறி அடங்கவே இல்லை, அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

மூன்றாவது ஆட்டம் என்2600 நெட்புக் (கிராஃபிக்ஸ் ஜிஎம்ஏ 3600), 2 ஜிபி ரேம்.

தேவை அதிகமில்லை: பிரவுசர், பாட வீடியோ, சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி கல்வி விளையாட்டு. பெரியவர்கள் படகு கரைக்கு வந்தபின் ஜிபிஎஸ் கருவியில் இருக்கும் தடத்தை ஓப்பன்சிபிஎன் என்ற கடல் வரைபட நிரலில் திறந்து பார்ப்பார்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதற்கு என்ன டிரைவர்?

---

வாடைக்காற்று

310எம் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் விஷயம் நிறைய இருக்கிறது.

340 டிரைவரை மறந்துவிடுங்கள். அதன் கடைசிப் பதிப்பு 340.108, 2019 டிசம்பரில் வந்தது. அந்த டிரைவரில் மூடிய பாகம் ஒன்று, அதைக் கெர்னலோடு ஒட்டவைக்கும் சிறு நிரல் ஒன்று. ஒட்டும் நிரல் ஒவ்வொரு கெர்னலுக்கும் உங்கள் கணினியிலேயே கட்டப்பட வேண்டும். கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. 340-ஐத் திருத்த என்விடியாவில் இப்போது ஆள் இல்லை. மின்ட் 22-இல் இருப்பது 6.8 கெர்னல். அதில் கட்டுமானம் முறிவதில் வியப்பில்லை. ஆர்வலர்கள் ஒட்டுத் திருத்தம் போட்டுத் தருகிறார்கள் என்றாலும் அடுத்த கெர்னல் வந்ததும் மறுபடி முறியும். பிள்ளைகள் தொடும் கணினிக்கு அது சரிப்படாது.

இந்தச் சிப்புக்கு நூவோ என்ற திறந்த டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கணினியில் அது ஓடவில்லை. காரணம் இரண்டு: நோமோட்செட் அதைத் தடுக்கிறது, 340-இன் நிறுவல் நிரலும் நூவோவை முடக்கும் கோப்பை எழுதி வைத்திருக்கும். நோமோட்செட் நிறுவும் நேரத்துக்கு மட்டுமான ஊன்றுகோல். அதை நிரந்தரமாக விட்டால் முடுக்கம் (வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பே செய்வது) இல்லை, ஒளிர்வுக் கட்டுப்பாடு இல்லை, தூக்க நிலையும் ஒழுங்காக வேலை செய்யாது.

முதலில் என்விடியா-இன்ஸ்டாலர் கட்டளையை அன்இன்ஸ்டால் தெரிவோடு ஓட்டுங்கள். பிறகு /ஈடிசி/மோட்புரோப்.டி கோப்புறையில் நூவோ பெயரோடு பிளாக்லிஸ்ட் வரி உள்ள கோப்பைத் தேடி அழியுங்கள். /யூஎஸ்ஆர்/லிப்/மோட்புரோப்.டி உள்ளேயும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுவார்கள். /ஈடிசி/எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸ்ஓர்க்.கான்ஃப் இருந்து, அதில் டிரைவர் என்விடியா என்ற வரி இருந்தால் அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவையுங்கள். அது கிடந்தால் நூவோ சரியாக ஏறினாலும் வரைகலைத் திரை எழும்பாது. குரப் கோப்பிலிருந்து நோமோட்செட்டை எடுத்துவிட்டு அப்டேட்-குரப், அடுத்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் (யூ தெரிவோடு) ஓட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். கடைசிக் கட்டளையைத் தவிர்த்தால் பழைய பிளாக்லிஸ்ட் பூட் படிமத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இப்போது எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே தெரிவோடு கொடுங்கள். கார்டுக்குக் கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவர் நூவோ என்று வர வேண்டும்.

மறுபடி கறுப்புத் திரை என்றால், பெரும்பாலும் நூவோ இல்லாத டிவி இணைப்பு ஒன்றை இருப்பதாக நினைத்துப் படத்தை அங்கே அனுப்புகிறது. குரப் வரியில் வீடியோ=டிவி-1:டி சேர்த்தால் அந்த இணைப்பு அணைந்துவிடும். அதிலும் தீரவில்லை என்றால் நூவோ.கான்ஃபிக்=என்விஎம்எஸ்ஐ=0 போட்டுப் பாருங்கள்; சில மதர்போர்டுகளில் இன்டரப்ட் சிக்கலுக்கு அது மருந்து.

படம் வந்தபின் வேகம் குறைவாகத் தெரியும். நூவோ இந்தச் சிப்பை பூட் ஆன கடிகார வேகத்திலேயே விட்டுவிடுகிறது, தானாக ஏற்றாது. ஆனால் ஜிடி215, 216, 218 சிப்களில் நாமே ஏற்றலாம். 310எம் என்பது ஜிடி218-தான். ரூட் அனுமதியோடு /சிஸ்/கெர்னல்/டீபக்/டிஆர்ஐ/0/பிஸ்டேட் கோப்பைப் படித்தால் 03, 07, 0எஃப் என்று நிலைகள் தெரியும். வேண்டிய நிலையை அதே கோப்பில் எழுத வேண்டும். சூடோ எக்கோ என்று எழுதிக் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் திருப்பும் வேலையைச் செய்வது உங்கள் சாதாரண ஷெல். எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியாக சூடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. குரோமியம் வகைப் பிரவுசர்கள் நூவோவைக் கண்டால் முடுக்கத்தை முடக்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கொண்டல் (கீழக்கரை)

இரண்டாவது ரகத்துக்குப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கு. ரேடியானை பிளாக்லிஸ்ட் பண்ணினா கார்டு அணையாது. பயாஸ் (கணினியைத் தொடங்கும் அடிப்படை நிரல்) அதுக்குக் கரண்ட் கொடுத்துத்தான் கணினியை எழுப்புது. அதை முறையா அணைக்கத் தெரிஞ்சது ரேடியான் டிரைவர்தான். டிரைவரைத் தடுத்தா கார்டு சும்மாவே முழு மின்சாரம் குடிச்சுக்கிட்டு இருக்கும்.

பிளாக்லிஸ்டை எடுங்க, இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிங்க. டெபியன்னா ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் தொகுப்பு கட்டாயம். டெபியன் 12-லிருந்து அது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியில இருக்கு. மின்ட்ல லினக்ஸ்-ஃபர்ம்வேர்லேயே அடங்கிடும். ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஏறுற சிறு நிரல்) இல்லேன்னா டிமெசெஜ் பதிவுல கோப்பை ஏற்ற முடியலைன்னு வரி வரும், முடுக்கம் கிடையாது.

அப்புறம் /சிஸ்/கெர்னல்/டீபக்/விஜிஏஸ்விட்சரூ/ஸ்விட்ச் கோப்பைப் படிங்க. டிஸ்னு இருக்குற வரியில டைன்ஆஃப்னு இருந்தா ரேடியான் தூங்குது, நல்லது. டைன்பவர்னே நின்னா ஏதோ ஒரு நிரல் அதை எழுப்பிக்கிட்டே இருக்கு. பழைய வகை லேப்டாப்ல டைன் இல்லாம வெறும் பவர்னு காட்டும். அங்கே இதே கோப்புல ஆஃப்னு எழுதினா பயன்படாத கார்டு அணையும். அந்த வகையில ஒவ்வொரு பூட்டுக்கும் திரும்ப எழுதணும்.

அன்றாட வேலைக்கு எச்டி 3000 போதும். மெசா (லினக்ஸின் திறந்த 3டி கிராஃபிக்ஸ் நூலகம்) 22-லிருந்து பழைய ஐ965 டிரைவரை எடுத்துட்டாங்க, இப்ப அந்த இடத்துல குரோகஸ் இருக்கு, தானா வந்துடும். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ ஓட்டி ரெண்டரர் வரியில எல்எல்விஎம்பைப் வருதான்னு பாருங்க. வந்தா வரையுற வேலை மொத்தமும் சிபியு தலையில விழுதுன்னு அர்த்தம். எப்பவாவது கனமான 3டி நிரல் ஓட்டணும்னா கட்டளைக்கு முன்னால டிஆர்ஐ_பிரைம்=1 போடுங்க, அந்த நிரல் மட்டும் ரேடியான்ல ஓடும்.

இந்த ரகத்துல வீடியோ தத்தினா அதுக்குக் காரணம் வேற. எச்டி 3000-க்கு எச்.264, எம்பெக்-2, விசி-1 மட்டும்தான் வன்பொருள்ல பிரிக்கத் தெரியும். யூடியூப் கொடுக்குறது விபி9, ஏவி1. ஃபயர்ஃபாக்ஸ்ல எச்264இஃபை நீட்சி போட்டு, ஐ965-விஏ-டிரைவர் தொகுப்பையும் நிறுவுங்க. புது இன்டெல்-மீடியா டிரைவர் பிராட்வெல் தலைமுறைச் சிப்லிருந்துதான், இங்கே வேலைக்கு ஆகாது.

என்2600-ஐ நினைச்சா வருத்தமா இருக்கு. அதுல உள்ள ஜிஎம்ஏ 3600 இன்டெல் வடிவமைப்பு இல்லை, பவர்விஆர். கெர்னல்ல ஜிஎம்ஏ500 டிரைவர் இருக்கு, 1024×600 சரியா வரும், 3டி மட்டும் கிடையாது. இனி வரப்போறதும் இல்லை. அந்த நெட்புக்குகள்ல பல 64-பிட்டை பயாஸ்லேயே பூட்டி வெச்சிருக்கும். டெபியன் 13-ல 32-பிட்டுக்கு நிறுவல் நிரலே இல்லை, அதனால டெபியன் 12, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் போடுங்க. நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. ஓப்பன்சிபிஎன் அதுல ஓடும். விருப்பங்கள்ல டிஸ்ப்ளே பகுதியில அட்வான்ஸ்ட் தாவலுக்குப் போய் ஓப்பன்ஜிஎல் டிக்கை எடுத்துட்டு நிரலை மூடித் திறங்க. தடம் பார்க்க அது போதும். ஜிகாம்ப்ரிக்கு மற்ற ரெண்டு ரகத்தைக் கொடுங்க.

---

கச்சான் (பாம்பன்)

டிரைவரைத் தொடுவதற்கு முன் வன்பொருளைச் சோதியுங்கள். நம் கரையில் பாதி 'டிரைவர் பிரச்சினை' உப்புப் பிரச்சினை.

கோடு, புள்ளி, நிறக் கலவை பயாஸ் திரையிலேயே தெரிகிறதா? அப்படியானால் லினக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விஜிஏ வழியாக வெளித்திரை ஒன்றை மாட்டுங்கள். அதிலும் அதே கோடு என்றால் சிப் அல்லது ரேம். வெளித்திரை சுத்தமாக இருந்தால் கீல் வழியாகப் போகும் திரைக் கேபிள். இரு முனையையும் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் பல நேரம் தீரும். எச்டி 3000 போன்றவை கணினியின் ரேமையே பயன்படுத்துவதால் ரேம் முனை கறுத்தாலும் திரையில் புள்ளி விழும். ரப்பரால் மெதுவாகத் தேய்த்து ஆல்கஹாலால் துடைக்கவும். இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் உள்கிராஃபிக்ஸின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். இங்கே இரவில் அந்த அளவு சாதாரணம். விசிறிக்குள் படிந்த உப்பும் தூசியும் பசையாகி வெப்பத் தகட்டின் இடுக்கை அடைத்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றினால்தான் அந்த அடைப்பு தெரியும். கச்சான் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, வாடை முடிந்ததும் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். சிப் மேலுள்ள பழைய வெப்பப் பசையை ஆல்கஹாலால் எடுத்துவிட்டு, சிப்பின் நடுவில் அரிசி அளவு புதுப் பசை. வீடியோ ரேம் மேல் இருக்கும் மெத்தென்ற பட்டை வேறு விஷயம்: அது இருந்த இடத்தில் பசை வைத்தால் இடைவெளி நிரம்பாது. பழைய பட்டையின் கனத்தை அளந்து அதே கனத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் 0.5 அல்லது 1 மி.மீ.

ஜிஃபோர்ஸ் 8400எம், 8600எம் உள்ள லேப்டாப் யாராவது தர வந்தால் யோசித்து வாங்குங்கள். அந்தக் காலச் சிப்களில் உள்ளே இருக்கும் ஈயப் புடைப்புகள் சூடாகி ஆறி விரிசல் விட்டன; 2008 ஜூலையில் என்விடியாவே இதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. ஹீட்கன் அடித்தால் சில வாரம் ஓடும், மறுபடி போகும். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

---

படிப்புமையம் (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் நன்றி. 310எம்-இல் நூவோ ஏறிவிட்டது, 1366×768 வருகிறது. ரேடியான் டைன்ஆஃப் காட்டுகிறது, விசிறிச் சத்தம் அடங்கிவிட்டது. பிஸ்டேட்டில் 07 எழுதினால் சரி, 0எஃப் எழுதினால் திரை உறைகிறது. ஓப்பன்சிபிஎன் வேண்டும் என்று ஒருவர் உபுண்டு 20.04-ஐயே திரும்பப் போடச் சொல்கிறார். செய்யலாமா?

---

வாடைக்காற்று

07-லேயே நிறுத்துங்கள். 0எஃப்-இல் ரேமின் கடிகாரமும் உச்சத்துக்கு ஏறுகிறது, உறைவது அங்கேதான். திரையில் படம் ஓடும்போது மாற்றுவதைவிட, வரைகலைத் திரை எழும்புவதற்கு முன்பே மாற்றுவது பாதுகாப்பு. சிஸ்டம்டி-யில் (பூட்டில் சேவைகளைத் தொடங்கும் நிரல்) ஒன்ஷாட் வகைச் சேவை ஒன்று எழுதி, பிஃபோர் வரியில் டிஸ்ப்ளே-மேனேஜர்.சர்வீஸ் கொடுங்கள். இனி 07 தானாக ஏறும்.

20.04-க்கு இலவசமான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இணையமே தொடாமல் ஓப்பன்சிபிஎன் மட்டும் ஓட்டும் ஒரு கணினி என்றால் 340-ஓடு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பிரவுசர் திறக்கும் கணினியில் வேண்டாம். நூவோவில் வரைபடம் நகர்த்தும்போது சிதறினால் அங்கேயும் ஓப்பன்ஜிஎல் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். க்னோம் 49-இல் எக்ஸ்11 அமர்வு இயல்பாக முடக்கப்பட்டுவிட்டது, அதற்குப் பதிலாக வரும் வேலண்ட் பாதை இந்தக் கார்டுகளுக்குச் சுமை. கெர்னல் புதுப்பிக்கும்போது ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னலை அழிக்காமல் குரப் பட்டியலில் ஒன்றாவது விட்டுவையுங்கள். புதியதில் நூவோ தடுமாறினால் அட்வான்ஸ்ட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வகுப்பை நடத்திவிடலாம்.