பக்கத்தை அலசுவதா, பக்கத்தை விட்டு வெளியே போவதா?

கரும்பலகை:
ஏழு, எட்டாம் வகுப்புக்கு ஊடக அறிவு என்றாலே, ஓர் இணையப் பக்கத்தை நம்பலாமா என்று பார்க்கும் அந்த ஐந்து கேள்விப் பட்டியல்தான் இன்னமும் கைக்கு வருகிறது. தகவல் புதியதா, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், துல்லியமா, நோக்கம் என்ன. 2004-ல் கலிஃபோர்னியாவின் சீகோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவானது. இதை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். ஐந்துக்கும் விடையை மாணவர் அந்தப் பக்கத்திலேயே தேடுகிறார். ஏமாற்ற வந்தவன் எழுதிவைத்த விடைதான் அவருக்குக் கிடைக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். தகவல் சரிபார்ப்பாளர்கள், வரலாற்றறிஞர்கள், மாணவர்கள் என மூன்று தரப்புக்கும் இரண்டு குழந்தைநல மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930-ல் தொடங்கிய பெரிய தொழில்முறை அமைப்பு. மற்றது 2002-ல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. அந்தக் குழுவின் தளத்திலும் லோகோ, மேற்கோள், டாட் ஆர்க் முகவரி எல்லாம் உண்டு. மாணவர்களில் பலர் அதையே நம்பினார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவில்லை, உடனே புது டேப் திறந்து அமைப்பின் பெயரைத் தேடினார்கள். இந்தப் பக்கவாட்டு வாசிப்பைத்தான் முதல் பாடவேளையிலேயே பழக்க வேண்டும்.

நூலடுக்கு:
உடன்படவில்லை சார். 12 வயதுப் பிள்ளையிடம் "வெளியே போய்த் தேடு" என்றால் என்ன நடக்கும்? வதந்தியின் தலைப்பை அப்படியே காப்பி செய்து தேடல் பெட்டியில் போடும், முதல் லிங்க்கைத் தட்டும். அந்தச் சொற்களை அப்படியே பயன்படுத்துவது வதந்தியைப் பரப்பும் தளங்கள்தான், அதனால் அவையே மேலே வரும். 2023 இறுதியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: பொய்ச் செய்தியைச் சரிபார்க்க இணையத்தில் தேடியவர்களிடம் அதன் மீதான நம்பிக்கை கூடியது. அதில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள்! என்ன கேட்பது என்றே தெரியாத பிள்ளைக்கு, கேள்வி கேட்கவாவது அந்தப் பட்டியல் கற்றுத்தருகிறது.

கரும்பலகை:
நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை மேடம். ஆனால் அது தேடத் தெரியாததால் வருவது, தேடச் சொன்னதால் அல்ல. அதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கலாம். முதலில் தலைப்பிலிருக்கும் உணர்ச்சிச் சொற்களை அடிக்க வேண்டும். "எலுமிச்சைச் சாறு புற்றுநோயை அழிக்கும், மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம்" என்பதில் எஞ்ச வேண்டியது "எலுமிச்சை புற்றுநோய் ஆய்வு" மட்டுமே. முடிவு பக்கம் வந்ததும் ஒரு நிமிடம் எதையும் தட்டக் கூடாது. தளத்தின் பெயர், கீழே உள்ள இரண்டு வரி, தேதி மூன்றையும் பத்து முடிவுகளுக்கும் படித்துவிட்டு, எதைத் திறக்கப் போகிறேன், ஏன் என்று நோட்டில் எழுதிய பிறகே தட்ட வேண்டும். கணினி பற்றாக்குறை என்றால் முடிவு பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டுக் கொடுத்தாலும் போதும், இந்தப் பயிற்சிக்கு இணையமே வேண்டாம்.

மூன்றாம்வரிசை:
இரண்டு பேரும் கட்டுரைகளையே பேசுகிறீர்கள். பிள்ளைகளிடம் வருவது வாட்ஸ்அப் ஃபார்வர்ட், படம், குறுங்காணொளி. பெருவெள்ளச் சாலையில் சுறா நீந்தும் படம் 2011-ல் போர்ட்டோ ரிகோ புயலின்போது சுற்றியது, 2017-ல் ஹூஸ்டன் வெள்ளத்திலும் அதே சுறா. இதை, படத்தைக் கொண்டே தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் ஏற்றி "மிகப் பழையது" என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எப்போதிலிருந்து சுற்றுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் படத்தைச் சுற்றியுள்ள எழுத்தை வெட்டிவிட்டு, இடவலம் திருப்பி மறுபடி தேட வேண்டும். காணொளி என்றால் நிறுத்தி மூன்று நான்கு காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: "முடிவு எதுவும் இல்லை" என்றால் படம் அசல் என்று பொருளில்லை. ஏஐ உருவாக்கிய புதுப் படத்துக்குப் பழைய பிரதியே இருக்காது. ஏஐ படமா என்று அறிய விரலை எண்ணிப் பார்க்கச் சொல்லும் பாடத்தையும் விட்டுவிடுங்கள், இப்போதைய கருவிகள் பெரும்பாலும் விரலைச் சரியாகவே வரைகின்றன.

நூலடுக்கு:
படப் பயிற்சியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கவலை வேறு. வகுப்புக்குக் கொண்டுவரும் பத்து உதாரணமும் பொய்யாகவே இருக்கின்றன. இரண்டாம் வாரமே பிள்ளைகள் எதைக் காட்டினாலும் "ஃபேக்" என்கிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது! எல்லாவற்றையும் சந்தேகிப்பதும் எல்லாவற்றையும் நம்புவதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

கரும்பலகை:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பத்தில் குறைந்தது ஐந்து உண்மையாக இருக்க வேண்டும், அதிலும் இரண்டு நம்பவே முடியாதபடி தோன்றும் உண்மைகள். வொம்பாட் என்ற ஆஸ்திரேலிய விலங்கின் சாணம் கனசதுரமாக இருக்கும் என்பது மாதிரி. விடைக்கு 2, வழிக்கு 8 என்று மதிப்பெண் பிரியுங்கள். எந்தத் தளத்துக்குப் போனாய், அதை ஏன் நம்பினாய் என்பது நோட்டில் இல்லையென்றால் சரியான விடைக்கும் 2 மட்டுமே.

நூலடுக்கு:
அப்படியென்றால் அந்த "ஏன் நம்பினாய்" என்பதற்குப் பிள்ளை எழுத யார், எதற்காக என்ற இரண்டு கேள்விகளாவது வேண்டும். பட்டியலில் அந்த இரண்டை நான் விடமாட்டேன்.

கரும்பலகை:
அந்த இரண்டும் இருக்கட்டும். விடையை மட்டும் "எங்களைப் பற்றி" பக்கத்திலிருந்து எடுத்து எழுதினால் செல்லாது.