லேசர் பட்ட எஃகில் நீர்த்துளியின் நடத்தை ஏன் மாறுகிறது?

கேள்வி: துருப்பிடிக்கா எஃகுத் தகட்டில் லேசரால் நுண்பள்ளங்கள் இட்ட அன்று நீர்த்துளி உடனே பரவி மறைந்தது, மூன்று வாரம் காற்றில் கிடந்தபின் அதே தகட்டில் துளி முத்துப்போல் நிற்கிறது. பள்ளங்கள் மாறவில்லையே, காரணம் என்ன?

பதில் 1: மாறியது வடிவமன்று, வேதியியல். லேசர் உருவாக்கும் புதிய ஆக்சைடு நீரை ஈர்ப்பது. 1936இல் வென்செல் என்ற ஆய்வாளர் விளக்கியபடி சொரசொரப்பு அந்த ஈர்ப்பைப் பெருக்குகிறது. நாளடைவில் காற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் படிந்து மேற்பரப்பு ஆற்றலை, அதாவது நீரை ஈர்க்கும் திறனை, குறைக்க, பள்ளங்களில் காற்று சிக்கி, 1944இல் காசி, பாக்ஸ்டர் என்ற ஆய்வாளர்கள் விவரித்தபடி, பள்ள முகடுகள் மீதும் சிக்கிய காற்றின் மீதுமாகத் துளி அமர்கிறது.

பதில் 2: தொடுகோணம் (துளியின் விளிம்பு தகட்டோடு நீரின் பக்கம் அமைக்கும் கோணம்) 150 பாகையைத் தாண்டினால் மட்டும் அதை உறுதிசெய்யப் போதாது, தகட்டைச் சாய்த்துப் பாருங்கள்; காற்றின் மீது நின்றால் துளி எளிதில் உருண்டோட வேண்டும்.

கேட்டவர்: தகட்டைக் கவிழ்த்தும் துளி விழவில்லை.

பதில் 1: அப்படியானால் என் ஊகம் முழுச்சரியன்று, நீர் பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கிறது. பள்ள இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள்.