ஓய்வுநாளும் வேலைக்காரரின் கூலியும்: நீங்கள் எவ்வாறு ஆசரிக்கிறீர்கள்?

கேள்வி: அச்சகத்தார், சிவகாசி

அன்பானவர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் குடும்பமாக, வேதம் சொல்லும் ஏழாம் நாளான சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே அச்சகத்தைப் பூட்டிவிடுகிறேன்; மறுநாள் சூரியன் மறைந்த பிறகுதான் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறேன். காலண்டர் வேலை குவிந்துகிடக்கும் மாதங்களிலும் இதில் நான் தளர்ந்ததில்லை. அதனால் சில வாடிக்கையாளர்கள் வேறு அச்சகங்களுக்குப் போய்விட்டார்கள். அந்த இழப்பு என்னுடையது என்பதால் அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

என் மனத்தை அறுப்பது வேறொன்று. என்னிடம் ஐந்து பேர் தினக்கூலிக்கு வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவர் ஞாயிறுதோறும் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால் அன்றும் அச்சகத்தைத் திறப்பதில்லை. ஆகவே வாரத்தில் ஆறு நாள் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஐந்து நாள் கூலியோடு வீட்டுக்குப் போகிறார்கள். தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்கும் மூத்தவர், விட்டுப்போன அந்த ஒரு நாள் கூலிக்காகச் சனிக்கிழமைகளில் லாரி செட்டில் மூட்டை தூக்குகிறார் என்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. நான் சபையில் அமர்ந்து சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும் வேளையில், எனக்காக இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர், நான் கதவைப் பூட்டியதாலேயே, முன்பைவிடக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் “ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக” என்ற கட்டளைக்குக் காரணமாகச் சிருஷ்டிப்பு சொல்லப்படுகிறது. உபாகமம் 5-இல் அதே கட்டளை திரும்ப வரும்போது காரணம் மாறிவிடுகிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை நினை, நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. முதலாவதை நான் மனப்பாடமாகவே அறிவேன். இரண்டாவதை இத்தனை காலம் வாசித்தும் அதன் முன் நின்றதில்லை என்று இப்போது உணர்கிறேன். எது சரியான நாள் என்ற விவாதத்தை இங்கே நான் எழுப்பவில்லை. உங்கள் ஓய்வு பிறர்மீது சுமையாக விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்பதையே கேட்கிறேன்.

பதில் 1: வெள்ளிக்கிழமை அடுப்பு

ஐயா, நீங்கள் அச்சகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றுதான். திருமணமான புதிதில் எங்கள் வீட்டில் ஓய்வுநாள் என்றால், மாமனாரும் என் கணவரும் வேதம் வாசிப்பார்கள், ஆராதனை முடிந்து வீட்டுக்கு அழைத்து வரும் விருந்தினரோடு மாலைவரை பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் மாமியாரும் பத்துப் பேருக்குச் சமைத்துப் பரிமாறிப் பாத்திரம் துலக்குவோம். வாரத்திலேயே எனக்கு அதிக வேலையுள்ள நாள் அதுதான். கட்டளையில் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன் என்று எல்லாரும் பெயர் சொல்லி எண்ணப்பட்டிருக்க, மனைவி மட்டும் அந்த வரிசையில் இல்லை என்பதை நான் அந்த நாட்களில்தான் கவனித்தேன். “நீ” என்ற சொல்லுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்தே அடங்குகிறார்கள் என்று எங்கள் போதகர் விளக்கியபோது, அதை என் கணவர் அருகில் இருந்து கேட்க வேண்டும் என்று விரும்பினேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னா, ஆறாம் நாளில் இரண்டு பங்காகக் கிடைத்தது. சுட வேண்டியதைச் சுட்டு, வேவிக்க வேண்டியதை வேவித்து, மீந்ததை மறுநாளுக்கு வையுங்கள் என்று மோசே சொன்னார். ஓய்வுநாள் பிழைப்பதும் கெடுவதும் வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பிற்பகலில் என் கணவர் காய் நறுக்குகிறார், பிள்ளைகள் வீடு பெருக்குகிறார்கள், புளியோதரையும் துவையலும் மாலைக்கு முன்பே தயாராகிவிடுகின்றன. சனிக்கிழமை விருந்தினர் வந்தால் அதையே அவர்களோடு பகிர்ந்துகொள்கிறோம். முதல் ஆண்டில், சூடான சோறு இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அன்றைய சமையல் யாருடையது என்பதையும் ஒருமுறை பாருங்கள், ஐயா.

பதில் 2: பிரகாசபுரத்துக்காரன்

சகோதரருடைய கேள்வி எங்கள் ஊர்ப் பக்கத்தில் மிகப் பழையது. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரம், மூக்குப்பீறிப் பகுதியில், சட்டம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் 1857-இல் ஐரோப்பிய மிஷனரிகளின் அதிகாரத்திலிருந்து விலகி, இந்துக் கிறிஸ்தவ சபை என்றும் ஏகரட்சகர் சபை என்றும் அழைக்கப்படும் தனிச் சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களின் வழக்கத்தைவிட வேதத்தில் உள்ள வழக்கமே நமக்கு நெருக்கமானது என்று எண்ணிய அவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டார்கள், பழைய ஏற்பாட்டின் பண்டிகைகளையும் கைக்கொண்டார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரியான ஜேம்ஸ் 1908-இல் பிரகாசபுரத்துக்கு வந்து குடியேறியபோது, ஓய்வுநாளை அவர் இங்கே புதிதாகக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே அது இங்கே வேரூன்றியிருந்தது.

என் தாத்தா பனையேறி. பனைக்கு ஓய்வுநாள் கிடையாது. பருவ காலத்தில் பாளையை நாள் தவறாமல் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் பதநீர் ஊறுவது குறைந்து, பாளை காய்ந்துவிடும். அப்படியானால் வாரத்துக்கு ஒரு நாள் ஏறாமல் இருப்பது எப்படி? வெள்ளிக்கிழமை பொழுது விழுவதற்குச் சற்று முன்பும், சனிக்கிழமை பொழுது விழுந்த உடனும் ஏறிப் பார்த்தார் தாத்தா. அதில் பாளைகள் சில கெட்டன. பிறகு ஓய்வுநாளிலும் ஒருமுறை ஏறிச் சீவிவிடுவது, ஆனால் அன்று இறக்கும் பதநீரில் ஒரு சொட்டும் வீட்டுக்குக் கொண்டுவராமல் வழியில் போகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுத்துவிடுவது என்று ஒரு முடிவுக்கு வந்தார். அது வேலையா, ஜீவனைக் காக்கும் செயலா என்று சபையில் கடுமையாகவே வாதாடினார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். ஆனால் அந்த முடிவால் நிச்சயமாக இளைப்பாறியவர் ஒருவர் உண்டு, அவர் என் பாட்டி. வீட்டுக்குப் பதநீர் வராததால் அன்று விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், தீ மூட்ட வேண்டியதில்லை. மற்ற ஆறு நாளும் புகையில் நின்று கருப்பட்டி காய்ச்சிய பெண்ணுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்பதை, புகையில் சிவந்துபோயிருந்த அவர் கண்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பதில் 3: ஞாயிறு ஆசரிக்கிறவன்

ஐயா, நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன், ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்னும் கொலோசெயர் 2:16-ஐ வைத்து நாள் குறித்து உங்களிடமிருந்து வேறுபடுகிறவன். அதை நீங்கள் இங்கே எழுப்பவில்லை என்பதால் நானும் விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் இளைப்பாறும் எங்களுக்கு நாடே விடுமுறை தந்திருப்பதால், இப்படியொரு கேள்வியை நாங்கள் கேட்க நேர்வதே இல்லை. ஆராதனை முடிந்து நேரே உணவகத்துக்குப் போய், அங்கே இலை எடுக்கும் சிறுவனுக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று நினைத்தும் பாராமல் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். உங்கள் பதிவை வாசித்த பிறகு எனக்கு அது உறுத்துகிறது. கூலி பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் நேரானது: நாளைத் தேர்ந்துகொண்டவர் நீங்கள், ஆகவே அந்த நாளின் கூலியும் உங்களையே சேரும்.

பதில் 4: எருசலேமில் பணி செய்தவன்

நான் எருசலேமில் ஒரு முதிய யூதத் தாயாரின் வீட்டிலேயே தங்கி ஆறு ஆண்டுகள் அவருக்குப் பணிவிடை செய்தேன். அங்கே நான் வேலைக்காரனும் அந்நியனுமாக இருந்தேன். கட்டளையின் வரிசையில் கடைசியாக நிற்பவரின் இடத்திலிருந்து ஓய்வுநாளைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நகரமெங்கும் சங்கு ஒலிக்கும். சூரியன் மறைவதற்கு 40 நிமிடங்களுக்கு முன்பே விளக்கேற்றிவிடுவது எருசலேமின் வழக்கம். தாயார் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கண்களை மூடி ஜெபிப்பார். இரண்டு ஏன் என்று கேட்டபோது, ஒன்று “நினைப்பாயாக” என்ற யாத்திராகமச் சொல்லுக்கு, மற்றது “ஆசரிப்பாயாக” என்ற உபாகமச் சொல்லுக்கு என்றார். மேசையில் இரண்டு அப்பங்கள் இருக்கும்; அவை, மேலே சகோதரி எழுதிய இரட்டிப்பு மன்னாவின் நினைவு. அவர் மகனுடைய மேலாடையின் நான்கு மூலைகளிலும் தொங்கல்கள் உண்டு. எண்ணாகமம் 15-இன்படி, அவற்றைப் பார்த்துக் கர்த்தரின் கட்டளைகளையெல்லாம் நினைக்க வேண்டும் என்பதற்காக அவை. நினைவு என்பதை மனத்தில் மட்டும் விட்டுவைக்காமல், ஒவ்வொன்றுக்கும் கண்ணும் கையும் தொடும்படி ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள் என்பதை நான் அங்கே கற்றேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர்களுடைய பிரமாணம் ஓய்வுநாளில் விலக்க வேண்டிய வேலைகளை 39 வகையாக எண்ணுகிறது. விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் அவற்றில் அடங்கும். யூதரல்லாத ஒருவரை அந்த வேலையைச் செய்யச் சொல்வதும் கூடாது என்று அவர்களுடைய ரபீக்கள் வகுத்திருக்கிறார்கள். நோயாளியின் தேவை போன்றவற்றுக்கு அதில் இடம் உண்டு. தாயார் நோயுற்றிருந்தபடியால் அந்த அனுமதி அவருக்கு இருந்தது. இருந்தும் அவர் மருந்துக்கு அன்றி வேறு எதற்கும் என்னை அன்று அழைத்ததில்லை. அறை இருட்டாக இருந்தாலும் இருட்டிலேயே அமர்ந்திருப்பார். மற்ற நாட்களில் நான் சமையலறையில் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை இரவில் தம் பிள்ளைகளோடு அதே மேசையில் என்னை உட்காரச் சொல்வார். மாதச் சம்பளம் என்பதால் எனக்கு அந்த நாளில் ஒரு காசும் குறையவில்லை. உங்கள் தொழிலாளிக்கு நேர்வது எனக்கு நேர்ந்திருந்தால், அந்த மேசையில் என்னால் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

அச்சகத்தார் மீண்டும் எழுதுகிறார்

உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. பதில் எழுதச் சில வாரங்கள் ஆகிவிட்டன, ஏனெனில் செய்து பார்த்த பிறகு எழுத விரும்பினேன். எங்கள் பக்கத்தில் வாரக்கூலியைச் சனிக்கிழமை மாலையில் பட்டுவாடா செய்வதே வழக்கம். அதை நான் முன்பே வெள்ளிக்கு மாற்றியிருந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் ஐவருக்கும் ஆறு நாள் கூலியையும் கொடுத்துவிடுகிறேன். முதல் வாரம் மூத்தவர் பணத்தை இருமுறை எண்ணிவிட்டு, இது முன்பணமா என்று கேட்டார். இல்லை, சனிக்கிழமைக்கு உரியது என்றேன். தை முதல் வைகாசி வரையில் வேலை மெலிந்திருக்கும் மாதங்களில் இதைத் தாங்குவது எளிதாக இருக்காது; அதற்காகக் காலண்டர் பருவத்தின் வருமானத்திலிருந்து ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைக்கிறேன். சகோதரி சுட்டிக்காட்டிய அடுப்படியைப் பற்றி என் மனைவியிடம் கேட்டேன். அவள் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக்கே நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

மூத்தவர் இந்த மூன்று வாரமும் லாரி செட்டுக்குப் போகவில்லை. சென்ற சனிக்கிழமை தம் வீட்டுக் கூரையின் ஓடுகளை மாற்றினாராம், அதற்கு முந்தைய வாரம் மகளைப் பார்க்கச் சாத்தூருக்குப் போய்வந்தாராம். அவராகச் சொன்னதுதான்; அந்த நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.