தெ ஹானின் சிதறிய எழுத்துகளைப் பட்டியலிட உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 1924 ஜூன் 30 அன்று ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்ட டச்சு யூத எழுத்தாளரும் தன்பாலீர்ப்பாளருமான யாகோப் இஸ்ராயெல் தெ ஹானின் படைப்புகளுக்குத் தமிழில் ஒரு முழுமையான அட்டவணை தயாரித்து வருகிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள தன்பாலீர்ப்பாளர் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருப்பது, நட்புக்கான அளவற்ற ஏக்கத்தைச் சொல்லும் அவருடைய கவிதை வரிதான் என்றாலும், அவரை நம்மில் மிகச் சிலரே வாசித்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நூலாக வந்த கவிதைகளை வரிசைப்படுத்துவது எளிது. சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. 1904இல் வெளியான 'பெய்பலெய்ன்ச்சஸ்' நாவலின் முதற்பதிப்புப் படிகளில் பெரும்பாலானவற்றை அவருடைய வருங்கால மனைவியும், அதில் தம்மை அடையாளம் கண்ட நண்பர் அலெட்ரினோவும் வாங்கி அழித்துவிட, அதே ஆண்டில் முதன்மைப் பாத்திரங்களின் பெயர்கள் மாற்றப்பட்டு மறுபதிப்பு வந்தது. இவற்றை ஒரே பதிவாகக் காட்டுவதா, இரண்டாகவா? தனித்தனியே காட்டுவதே நேர்மை என்று கருதுகிறேன், ஏனெனில் அந்தப் பெயர் மாற்றமே ஒரு வரலாறு.

அதைவிடக் கடினமானவை, 1919 முதல் இறக்கும்வரை பாலஸ்தீனத்திலிருந்து 'அல்கெமேன் ஹண்டெல்ஸ்பிளாட்' நாளிதழுக்கு அவர் அனுப்பிய ஏறத்தாழ 400 கட்டுரைகள். அவ்விதழின் பழைய பக்கங்கள் டெல்ஃபர் என்ற டச்சு மின்னாவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. டச்சு வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, கட்டுரையின் தலைப்பையும் வெளியான தேதியையும் பக்க எண்ணையும் குறித்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும். நூலக அட்டவணைப் பணியில் அனுபவம் உள்ளவர்கள், எழுதப்பட்ட நாளையும் அச்சான நாளையும் தனித்தனியே பதிய ஏற்ற படிவம் ஒன்றைப் பரிந்துரைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.