குன்னூரில் பார்லர் லைசென்ஸ்: எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. குன்னூர் பெட்போர்டு பக்கம் என் தங்கை சின்னதாக பியூட்டி பார்லர் போடப் போகிறாள். இரண்டு நாற்காலி, ஷாம்பு பேசின், கீசர், அவ்வளவுதான். (இந்தக் குளிரில் கீசர் இல்லாமல் யார் தலையை நீட்டுவார்கள்!) உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், ஆன்லைனிலேயே முடித்துவிட்டோம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாது, ஜிஎஸ்டி கவலையும் இல்லை.

சிக்கல் நகராட்சி தொழில் உரிமத்தில்தான். கட்டிடத்துக்கு வீடு என்றுதான் அனுமதி. கரண்ட் இணைப்பும் வீட்டுக் கட்டணத்தில் ஓடுகிறது. மலைப் பகுதியில் இதை வணிகத்துக்கு மாற்ற முடியுமா? ஓனர் "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்கிறார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு சீல் வைத்தால் யாரிடம் போய் நிற்பது?

அப்புறம், விண்ணப்பத்தோடு பியூட்டிஷியன் கோர்ஸ் சான்றிதழ் கேட்டார்களா? ஊட்டி, குன்னூரில் சமீபத்தில் எடுத்தவர்கள் சொல்லுங்கள். புரோக்கர் நம்பர் மட்டும் வேண்டாம்.