சஹ்யாத்ரி ஏன் படிக்கட்டு மாதிரி இருக்கிறது?

கேள்வி: புனேயில் வேலை. ஞாயிறு, மகாராஷ்டிராவில் சஹ்யாத்ரி எனப்படும் மலைத்தொடரில் உள்ள கல்சுபாய் சிகரம் (1646 மீட்டர்) ஏறினேன். சரிவெல்லாம் படிப்படியாக இருந்தது, நடுநடுவே செங்கல் நிறப் பட்டை. எங்கள் நீலகிரியில் இப்படிப் பார்த்ததே இல்லையே! இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைதானே?

பதில் 1: தொடர் ஒன்று, பாறை வேறு. நீலகிரி சார்னோகைட் என்ற பாறை, பூமியின் ஆழத்தில் உருவானது. நீங்கள் ஏறியது பசால்ட் என்ற எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகள் வழியே வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்தது. கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும், மென்மையானது தேய்ந்து சரிந்துவிடும். அதுதான் படி.

பதில் 2: சிவப்புப் பட்டையைக் கவனித்தீர்களே, அருமை. ஒரு குழம்பு ஆறி, அடுத்தது வருவதற்குள் மேற்பரப்பு மக்கி மண்ணான இடம் அது.

கேட்டவர்: அப்புறம், கல்லுக்குள் வெள்ளைப் படிகங்கள்?

பதில் 2: வாயுக்குமிழி விட்டுப்போன துளைகளில் பின்னாளில் படிந்த ஜியோலைட் என்ற கனிமம். உடைத்து எடுக்காதீர்கள், அங்கேயே இருக்கட்டும்.