ஆக்டேவில் (கணக்கிடவும் வரைபடம் வரையவும் உதவும் மென்பொருள்) மூன்று சார்புகளை ஒரே வரைபடத்தில் வரைவது எப்படி?

அலைநீளம்:
வணக்கம். சைன்(எக்ஸ்), சைன்(எக்ஸ்)/எக்ஸ், 1/எக்ஸ், இந்த மூன்றையும் ஒரே படத்தில் பார்க்க வேண்டும். ஒற்றைப் பிளவு விளிம்பு விளைவில் (ஒளி ஒரு குறுகிய பிளவைக் கடந்து பரவுவது) நடுவிலுள்ள சார்பு வருகிறது, அது 1/எக்ஸ் கோட்டுக்குள் அடங்கித்தான் சுருங்குகிறதா என்று கண்ணால் பார்க்க ஆசை. லின்ஸ்பேஸ் (சம இடைவெளியில் புள்ளிகள் தரும் கட்டளை) போட்டு -20 முதல் 20 வரை 400 புள்ளிகள் எடுத்திருக்கிறேன். இரண்டாவது பிளாட் (வரையும் கட்டளை) கொடுத்ததும் முதல் கோடு காணாமல் போகிறது. சைன்(எக்ஸ்)/எக்ஸ் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் இல்லை, ஆனால் படம் காலியாக இருக்கிறது. 1/எக்ஸ் கொடுத்தால் அளவு பொருந்தவில்லை என்கிறது. ஏன்?

புள்ளிக்கோலம்:
முதல் பிளாட்டுக்குப் பிறகு ஹோல்ட் ஆன் கொடுங்கள், பழைய கோடு அழியாது. எல்லா எக்ஸ்-ஒய் சோடிகளையும் ஒரே பிளாட்டுக்குள் காற்புள்ளி போட்டு அடுக்கினாலும் சரி, நான் அப்படித்தான் செய்வேன், நிறங்கள் தாமாகவே மாறிவிடும்.

காலிப் படத்துக்குக் காரணம் வேறு. / என்பது ஆக்டேவில் அணிகளுக்கான (மேட்ரிக்ஸ்) வகுத்தல். இரண்டு பக்கமும் ஒரே நீளமுள்ள வரிசை இருந்தால் மீச்சிறு வர்க்க முறையில் ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடித்துத் தந்துவிடும், அதற்குப் பிழை எதற்கு வரப்போகிறது? அந்த ஒற்றை எண்ணை 400 எக்ஸ்களுக்கு எதிரே வரையும்போது தனித்தனிப் புள்ளிகள்தான், இணைக்கக் கோடு இல்லை. புள்ளி சேர்த்து ./ என்று எழுதுங்கள், 1./எக்ஸ் உட்பட, அப்போது ஒவ்வோர் எண்ணாகத் தனித்தனியே வகுக்கும். பெருக்கலுக்கும் அடுக்குக்கும் இதே கதைதான்.

வரைதாள்:
அதோடு ஒய்லிம் (செங்குத்து அச்சின் எல்லை) -0.5 முதல் 1.2 வரை வையுங்கள். உங்கள் புள்ளிகளில் சுழிக்கு மிக அருகில் இருப்பது 0.05, அங்கே 1/எக்ஸ் கிட்டத்தட்ட 20. அச்சு அதுவரை நீண்டுவிட்டால் மற்ற இரண்டும் நசுங்கிப்போகும். -20 இலிருந்து +20க்குத் தாவும் இடத்தில் செங்குத்தாக ஒரு பொய்க்கோடும் விழும், சுழியை ஒட்டிய சில மதிப்புகளை என்ஏஎன் (எண் அல்லாத மதிப்பு) ஆக்கினால் கோடு அங்கே அறுந்துவிடும். 400 எடுத்தது நல்லதாகப் போயிற்று, 401 என்றால் நடுப்புள்ளி சரியாகச் சுழியில் விழுந்து 0/0 ஆகி உச்சியில் ஓட்டை விழுந்திருக்கும்.

அலைநீளம்:
வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி! -1/எக்ஸையும் சேர்த்தேன். ஆனால் வளைவு அந்தக் கோட்டைத் தொடும் இடமும் பள்ளத்தின் அடியும் ஒன்றாக இல்லையே, புள்ளிகள் போதாததாலா?

புள்ளிக்கோலம்:
இல்லை, நீங்கள் பார்ப்பது உண்மை, தனித்தனியாக வரைந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. சைன் -1 ஆகும் 4.712இல் வளைவு -1/எக்ஸைத் தொடுகிறது. தொடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே சாய்வு, -1/எக்ஸ் அங்கே சாய்ந்துதான் இருக்கிறது, அப்படியிருக்க அது பள்ளத்தின் அடியாக இருக்க முடியாது. அடி, டேன்(எக்ஸ்) = எக்ஸ் ஆகும் இடம், அதாவது 4.493, மதிப்பு ஏறத்தாழ -0.217. தள்ளிப் போகப் போக வெளிக்கோடு படுத்துவிடுவதால் இடைவெளி குறையும், அடுத்த முகடு 7.725, தொடுவது 7.854. இந்த நான்கு இடங்களிலும் சிறு வட்டக்குறி போட்டு 4 முதல் 9 வரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.